தரையில் படாத ஷூ

என் அக்காவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குச் சொல்தா, அதாவது பிரெஞ்சில் சிப்பாய், என்றுதான் பெயர். போன வருடம் சர்க்கரையால் வலது காலின் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். பாதங்களில் உணர்ச்சி இல்லை. ஆணி ஏறினாலும் தெரியாது. வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்கக் கூடாது என்பது கதிர்காமம் ஆஸ்பத்திரி மருத்துவரின் உத்தரவு.

அடுத்த மாதம் அக்காவும் மாமாவும் மகளோடு இருக்க பிரான்சுக்குப் போகிறார்கள். திரும்பும் எண்ணம் இல்லை. அதற்குள் ஒருமுறை கடலுக்குள் போய்த் தூண்டில் போட வேண்டும் என்றார் மாமா. நான் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவன், எங்கும் ஆள் தெரியும் என்பதால் ஏற்பாடு என்னிடம் வந்தது. பட்டியல் எழுதினேன்: தூண்டில் நான்கு, நைலான் நரம்பு, இரைக்கு இறால், ஐஸ் பெட்டி, லைஃப் ஜாக்கெட், வாந்தி மாத்திரை.

அரியாங்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஃபைபர் படகு வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பட்டியலைப் படித்தார்.

"எறால நான் கொண்டாறேன். காத்து புதன்கெழமதான் அடங்கும். வியாழன் காலைல போலாம்" என்றவர், மேசைக்கு அடியில் மாமாவின் காலில் இருந்த ஷூவைப் பார்த்தார். "இதோடயா வருவீங்க?"

"ஆமா. டாக்டர் உத்தரவு."

"என் படகுல செருப்பு, ஷூ ஏறாதுங்கய்யா. எங்கப்பாரு காலத்துலேர்ந்து ஏறினதில்ல. எங்களுக்கு அது கோயில் மாதிரி."

மாமா ஷூவைக் கழற்றி, விரல் இல்லாத பாதத்தைக் காட்டினார். படகுக்காரர் அதை நிதானமாகப் பார்த்தார். படகின் தரையில் தூண்டில் முள் கிடக்கும், மீன் முள்ளும் கிடக்கும். அது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"அப்ப போவ வேணாம்" என்றாள் அக்கா. "பீச் ரோட்ல உக்காந்து பாருங்க. கடல் எங்கயும் ஓடிடாது."

"நான்தான ஓடப்போறேன்" என்றார் மாமா.

படகுக்காரர் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். "புதுசா வாங்குங்க. தரையில மிதிக்காததா இருந்தா பரவால்ல. கரையில உங்களத் தூக்கியாந்து படகுல உக்கார வெச்சுடறோம். அங்க போட்டுக்குங்க."

"தூக்குறதா? நான் என்ன மூட்டையா?"

படகுக்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை நேரு வீதியில் கேன்வாஸ் ஷூ வாங்கினோம். கடைக்காரர் ரப்பர் பாயை விரித்து, "நடந்து பாருங்க சார்" என்றார். "நடக்கக் கூடாது" என்றார் மாமா. ஸ்டூல்மேல் காலை நீட்டியபடியே அளவு பார்த்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பணத்தை எடுத்தேன்.

புதன்கிழமை மாலை ஐஸ் பெட்டியோடு போனேன். மாமா கூடத்தில் நடந்துகொண்டிருந்தார், புது ஷூ போட்டுக்கொண்டு. சுவரிலிருந்து சுவருக்கு, ஒரே சீரான அடி.

"மாமா, ஷூ."

நின்றார். குனிந்து பார்த்தார். "புது பூட்ஸோட எவனும் மார்ச் போக மாட்டான்டா. மொத நாளே போட்டுப் பழக்கணும்." அவர் குரலில் சுருதி இறங்கியிருந்தது. முப்பது வருடப் பழக்கம் அவரைக் கேட்காமலே நடந்துவிட்டது.

"தொடச்சு வெச்சுடுங்க. அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா.

எனக்கும் அதே யோசனைதான். மாமா நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். தூசியே இல்லை. பிறகு என் போனை வாங்கி, படகுக்காரரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, ஷூவப் போட்டு வீட்டுக்குள்ள நடந்துட்டேன்."

அந்தப் பக்கம் அலைச் சத்தத்துக்கு நடுவே படகுக்காரர் கேட்டார்.

"தெருவுல எறங்கினீங்களா?"

"இல்ல. கூடத்துலதான்."

"சொல்லாம வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே."

"சரி, கொண்டாங்க. அடிப்பாகத்தக் கடல் தண்ணியில கழுவிட்டு ஏத்திக்கலாம். ஆனா உங்களத் தூக்கித்தான் ஏத்துவோம். ரெண்டு பேர் நிப்போம்."

மாமா ஷூவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"மூணு பேர நிக்கச் சொல்லு" என்றார் என்னிடம். "எழுவத்தெட்டு கிலோ இருக்கேன்."

பட்டியலில் வாந்தி மாத்திரைக்குக் கீழே இடமிருந்தது. 'தூக்க மூன்று பேர்' என்று எழுதினேன்.