முத்திரை ஒட்டிய கோபம்

காலையில் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றபோது யூட்டின் மோட்டார் சைக்கிள் வாசல் படலையடியில் வந்து நின்றது. யூட், றீற்றா ரீச்சரின் தங்கை மகன். தாய் போன பிறகு அவரே வளர்த்த பிள்ளை. குருநகரிலிருந்து உடுவிலுக்கு அந்த நேரத்தில் அவன் வேறு எதற்கு வரப்போகிறான்? ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றான்.

“அன்ரி நேற்றுப் பின்னேரம் போயிட்டா, ரீச்சர். மற்ற ஆக்களுக்கெல்லாம் போனிலைதான் சொன்னனாங்கள். ‘மனோவுக்கு மட்டும் போன் அடிக்காதை, வீட்டை போய்ச் சொல்லு’ எண்டு போன மாதமே சொல்லி வைச்சவ.”

உள்ளே வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். நிற்க நேரமில்லை என்று திரும்பிவிட்டான். பிறகு கூட்டாத பாதி முற்றத்தையும் கூட்டி முடித்தேன்.

எங்களோடு படிப்பித்த உங்களில் பலருக்கு றீற்றா ரீச்சரை மனையியல் ஆசிரியையாகத் தெரியும். சத்தமாகச் சிரிப்பவர், சத்தமாகக் கோபிப்பவர், அதிபரின் முகத்துக்கு நேரே “சேர், உது சரிவராது” என்று சொல்லக்கூடியவர். ஆசிரியர் அறையில் பதினேழு வருடம் அவருடைய மேசைக்குப் பக்கத்து மேசை என்னுடையது. நான் கணக்கு ரீச்சர். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆகையால் நான் அவருக்கு ‘நீர்’, அவர் எனக்கு ‘நீங்கள்’. எங்கள் இருவருக்கும் இடையில் பதினொரு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். காரணத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை உலாவியது. உண்மையை நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு நடந்த என் மகளின் கலியாணத்துக்கு ஒரு வான் வாடகைக்குப் பிடித்து, வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். குருநகருக்குப் போகவிருந்த நாளில் என் கணவருக்குக் காய்ச்சல். அடுத்த நாள் போயிருக்கலாம், அதற்கடுத்த நாளும் போயிருக்கலாம். “றீற்றா ரீச்சர்தானே, அவ கோவிக்க மாட்டா” என்று நினைத்து, அழைப்பிதழை உறையிலிட்டு, முத்திரை ஒட்டித் தபாலில் போட்டேன். அதிகம் பழகாத ஆட்களுக்கெல்லாம் வாசலில் போய் நின்று சொன்னவள், பதினேழு வருடம் ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் கைவைத்தவருக்கு முத்திரை ஒட்டினேன். நெருங்கியவர்களைத்தான் இப்படி விட்டுவிடுகிறோம்.

அவர் கலியாணத்துக்கு வரவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. “மனோ, உம்முடைய அழைப்பிதழ் கிடைத்தது. முத்திரை நேராக ஒட்டியிருந்தது, அதற்கு நன்றி. பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். வீட்டுக்கு வந்து சொல்லாத கலியாணத்துக்கு நான் போவதில்லை. தபாலில் சொன்னவரோடு இனித் தபாலில்தான் கதை.”

பகிடி என்றுதான் முதலில் நினைத்தேன். போன் எடுத்தேன். யூட்தான் எடுத்தான். “அன்ரி வீட்டிலை இல்லையெண்டு சொல்லச் சொல்லுறா, ரீச்சர்” என்றான். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் கண்டபோது கிட்டப் போய், “ரீச்சர்” என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம், “மனோவிட்டைச் சொல்லும், நேற்றுக் கடிதம் போட்டிருக்கிறன் எண்டு” என்றார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. சரி, கடிதம்தானே, போடட்டும் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

போட்டார். மாதத்துக்கு இரண்டு, சில மாதம் மூன்று. நானும் பதில் போட்டேன். நேரில் கதைக்காத இரண்டு பேர் எழுத்தில் இவ்வளவு வாயாடிகளாக இருக்கலாம் என்று எனக்கு அதற்கு முன்பு தெரியாது. நான் சைவம் என்று தெரிந்தே, கணவாய்க் கறி வைக்கும் விதத்தை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி, “வாசித்தால் தீட்டில்லை என்று நினைக்கிறேன்” என்று முடிப்பார். கடல் இரைந்த நாட்கள், யூட்டின் மனைவிக்குச் சோறு குழைந்துபோன நாள், தன் முழங்கால் நோ எல்லாம் எழுதுவார். ஒருமுறை, “ஆசிரியர் அறையில் நாங்கள் கதைத்ததெல்லாம் மற்றவர்களைப் பற்றித்தான், கவனித்தீரா? இப்போதுதான் எங்களைப் பற்றிக் கதைக்கிறோம்” என்று எழுதியிருந்தார். எங்கள் பகுதித் தபால்காரர் படலையில் நின்று, “ரீச்சர், இந்த ஒழுங்கையிலை கையாலை விலாசம் எழுதி வாற கடிதம் உங்களுக்கு மட்டுந்தான். மிச்சமெல்லாம் பாங்கும் கரண்ட் பில்லும்” என்பார். எனக்கு அதில் ஒரு பெருமை.

என் கணவர் செத்தபோது றீற்றா ரீச்சர் வந்தார். செத்த வீட்டுக்கு யாரும் அழைத்துப் போவதில்லையே. காலையில் வந்து என் பக்கத்தில் இருந்து, என் கையைப் பிடித்தவர், பின்னேரம் பிரேதம் எடுக்கும் வரையில் விடவில்லை. தண்ணீர் குடிக்கவைத்தார், முகம் துடைத்துவிட்டார். ஒரு சொல் கதைக்கவில்லை. அந்த நேரத்திலும் வீம்பா என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. அடுத்த கிழமை எட்டுப் பக்கத்தில் கடிதம் வந்தது. “அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் நானும் அழுதிருப்பேன், உமக்கு ஆர் ஆறுதல்?” என்று தொடங்கியது. அந்தக் கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அதற்குப் பிறகு நேரில் போய்க் கதைக்கவேண்டும் என்ற ஆசை எனக்குக் கூடியது, பயமும் கூடியது. வாசல் வரையில் போய், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனால், கடிதமும் நின்றுபோனால்? இருப்பதையும் கெடுத்துக்கொள்வானேன் என்று வருடங்களை ஓட்டினேன்.

அப்போதுதான் நாட்டில் எல்லாமே விலையேறியது. ஒருநாள் தபாற்கந்தோரில் வழக்கம்போல முத்திரை கேட்டேன். “ஐம்பது ரூபா, ரீச்சர்” என்றான் உள்ளே இருந்த தம்பி. போன கிழமை பதினைந்து.

“தம்பி, இது வெளிநாட்டுக்கில்லை. உதிலை இருக்கிற குருநகருக்கு.”

“குருநகரெண்டாலும் கொழும்பெண்டாலும் ஒண்டுதான், ரீச்சர்.”

கொஞ்ச நேரம் சண்டை பிடித்தேன். விலையை அவனா ஏற்றினான், பாவம். கேட்டதைக் கொடுத்து ஒட்டினேன். ஓய்வூதியத்தில் மருந்துக்கும் காணாத காலம் அது. மாதத்துக்கு இரண்டு என்பது ஒன்றாகியது, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. ஒரே உறைக்குள் அடக்க எழுத்தைச் சிறிதாக்கினேன். அவருக்கோ கண் மங்கிக்கொண்டு வந்தது. “நீர் எறும்பு எழுத்தில் எழுதினால் நான் கண்ணாடிக்கு மேல் கண்ணாடியா போடுறது?” என்று கேட்டு எழுதினார்.

அதற்கு அடுத்ததாக வந்தது ஒரே ஒரு பக்கம். “மனோ, இந்த முத்திரைக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் உடுவிலிலிருந்து ஒரு ஆள் பஸ்ஸில் பட்டணத்துக்கு வந்து சேரலாம் என்று யூட் சொல்கிறான். எனக்கோ முழங்கால் நோ. வயதிலும் நான் மூப்பு. மிச்சத்தை நீர் செய்து பாரும், கணக்கு ரீச்சர்தானே.”

அந்தக் கணக்கைச் செய்ய எனக்கு ஐந்து கிழமை எடுத்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, கப்பல் வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, பட்டணத்தில் இறங்கி, ஓட்டோவில் போய் அவருடைய வாசலில் நின்றேன். தட்டினேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அவருடைய வாயிலிருந்து எனக்கு வந்த முதல் கதை இது:

“ஆரின்ரை கலியாணம்?”

“ஒருத்தரின்ரையும் இல்லை, ரீச்சர்.”

“அப்ப ஏன் வந்தனீர்?”

“முத்திரை விலை கூடிப்போச்சு.”

அவர் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் வாசலில் நின்றே அழுதோம். யூட்டின் மனைவிதான் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

இதோடு முடிந்தால் நல்ல கதை. ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் எழுதவில்லை. நேரில் கதைக்கிற ஆட்களுக்குக் கடிதம் எதற்கு, அதுவும் ஐம்பது ரூபாய்க்கு? முதல் ஆண்டு நான் மாதத்துக்கு ஒருமுறை போனேன், அடுத்த ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இடையில் போன். போனில் என்ன கதைத்தோம்? சாப்பாடு, மழை, முழங்கால், பிரஷர் குளிசை. “எழுதுறேல்லையோ, மனோ?” என்று ஒருநாள் கேட்டார். “இனி ஏன் ரீச்சர், இப்பத்தான் கதைக்கிறமே” என்றேன். “ஓம், கதைக்கிறம். கதைச்சதை எங்கை வைக்கிறது?” என்றார். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

இப்போது விளங்குகிறது. கோபமாயிருந்த பதினொரு வருடமும் என் அலுமாரியில் எழுத்தெழுத்தாக இருக்கிறது. எந்த மாதத்தை எடுத்தாலும் அவர் என்ன சமைத்தார், எதற்குச் சினந்தார் என்று சொல்வேன். சமாதானமாயிருந்த இந்த மூன்று வருடத்தில் அவர் சொன்னவற்றை வரிசையாகச் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. சண்டையைச் சேர்த்து வைத்துவிட்டுச் சமாதானத்தைக் காற்றில் விட்ட மடைச்சி நான்.

அந்த மூன்று வருடத்திலிருந்து எனக்குப் பிசகாமல் மிஞ்சியது ஒரேயொரு வாக்கியம். போகிற ஒவ்வொரு முறையும், ஐந்து மணி பஸ்ஸை நினைத்து நான் கதிரையை விட்டு எழும்பும்போது, அவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து, “இரும் மனோ, போகலாம்” என்பார். அதை அவருடைய குரலிலேயே வைத்திருக்கிறேன். ஒருநாளாவது நான் இருந்ததில்லை.