பன் வாசம் அடித்த மோட்டார்

பழுதான மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பதால் அவருக்கு வைண்டிங் அக்கா என்று பெயர். வயது ஐம்பத்திரண்டு. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். கணவருக்குத் துணையாக இருபது ஆண்டு, அவர் போன பிறகு தனியாக ஆறு ஆண்டு இந்தத் தொழில். கடை பத்தடிக்கு எட்டடி. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நின்றுதான் பேச வேண்டும்.

வெள்ளம் வந்த மூன்றாம் நாள் காலை, தன்னார்வலர்கள் பதினொரு பேர் நாற்பத்து மூன்று மோட்டார்களை டிராக்டரில் கொண்டுவந்து அந்தத் தெருவில் இறக்கினார்கள். எல்லாம் சேறு குடித்தவை. இவை ஓடினால்தான் பள்ளத்து நிலங்களில் தேங்கிய தண்ணீரை இறைக்க முடியும்.

மோட்டார்கள் வந்த வரிசையை அக்கா பார்க்கவில்லை. எந்தப் பயிர் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டு, அதன்படி ஒவ்வொரு மோட்டாரிலும் வரிசை எண் எழுதிய சீட்டுக் கட்டினார். கரும்புக்குக் கடைசிச் சீட்டு. முதல் சீட்டு, இரண்டு ஏக்கர் வெங்காயம் போட்டிருந்த ஒருவருக்கு. இன்னும் பன்னிரண்டு நாளில் பிடுங்க வேண்டிய வெங்காயம்.

வழக்கமாக மோட்டாருக்குள் ஒரு பல்பை எரியவிட்டு இரண்டு நாள் காய வைப்பார். வெங்காயத்துக்கு அவ்வளவு நேரம் இல்லை. அடுத்த தெருவில் பேக்கரி வைத்திருந்தது அவர் கூடப்பிறந்த தம்பி. காலை ரொட்டி சுட்டு முடித்த ஓவன், சூடு தணிந்தபின் மோட்டார் காய்வதற்கு அளவாக இருக்கும். பிரித்துக் கழுவிய முதல் ஆறு மோட்டார்கள் பதினோரு மணிக்கு அங்கே போயின.

"நாளைக்கு என் பன்னுல எண்ணெய் வாடை அடிச்சா, வாங்க வர்றவங்கள உன் கடைக்கு அனுப்பிடுவேன்" என்றார் தம்பி.

"அனுப்பு. ஆளுக்கொரு மோட்டார் குடுத்து அனுப்புறேன்."

ஈரம் எவ்வளவு போயிருக்கிறது என்று காட்ட அக்காவிடம் ஒரு மீட்டர் இருந்தது. அதன் முள் ஒன்று என்ற எண்ணைத் தாண்ட வேண்டும். தாண்டாமல் ஓட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும். வெங்காயக்காரரின் மோட்டார் நண்பகலில் புள்ளி ஒன்று காட்டியது. இரண்டு மணிக்குப் புள்ளி நான்கு. நான்கு மணிக்குப் புள்ளி ஏழு. வெங்காயக்காரர் ஓவன் வாசலை விட்டு நகரவே இல்லை.

"இன்னும் மூணே புள்ளிதானேக்கா. விடியற வரைக்கும் தண்ணி நின்னா மொத்தமும் அழுகிடும். ஓட்டிப் பாத்துடலாமே."

ஒன்பது ஆண்டுக்கு முந்தைய வெள்ளத்தில், ஒரு கீரைத் தோட்டக்காரரின் மோட்டார் இதே புள்ளி ஏழில் நின்றது. கணவர் தயங்கினார். பாவம், கொடுத்துவிடுங்கள் என்று சொன்னது அக்காதான். ஓட்டிய பதினேழாம் நிமிடம் புகை வந்தது. தோட்டம் போயிற்று.

"நீங்க என்னைத் திட்டினாலும் பரவாயில்லண்ணே" என்றார் அக்கா. "அன்னைக்கு ஒருத்தர் திட்டாமலே போயிட்டாரு. அதைத்தான் இன்னும் என்னால தாங்க முடியல."

அதற்குள் தம்பிக்கு வேறு கவலை. வெள்ள நிவாரண முகாமில் இருந்த நூற்றறுபது பேருக்கு மாலை பன் போட மாவு உப்பி நின்றது. ஓவனை முழுச் சூட்டுக்கு ஏற்றினால் உள்ளே இருக்கும் சுருள்கள் பொரிந்துவிடும். ஓவன் கைப்பிடியில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, இரண்டு அடுப்பும் தோசைக்கல்லும் கொண்டுவரச் சொன்னார்.

"இன்னைக்கு பன் கிடையாது, தட்டை ரொட்டிதான். யாராவது கேட்டா எங்கக்கா மேல பழியப் போடுங்க."

தன்னார்வலர்கள் மாவு தட்ட உட்கார்ந்தார்கள். சும்மா நின்ற வெங்காயக்காரரையும் இழுத்து உட்கார வைத்தார்கள். அவர் தட்டிய முதல் ரொட்டி வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை.

"உங்க வயலும் இப்படித்தானா?" என்றார் தம்பி. மூன்று நாளில் அன்றுதான் அந்த மனிதர் சிரித்தார்.

ஆறு பத்துக்கு முள் ஒன்று புள்ளி இரண்டில் நின்றது. ஏழேகாலுக்கு மோட்டாரை வயலில் பூட்டினார்கள். முழங்கால் தண்ணீரில் டார்ச்சோடு நின்றிருந்தார் வெங்காயக்காரரின் மனைவி. சுவிட்சருகே போன கணவரின் விரல்களில் இன்னும் மாவு காயவில்லை.

"நீங்களே போடுங்கக்கா. எனக்குக் கை ஓடல."

"உங்க வயலு, நீங்க போடுங்க. நான் இதைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல் அக்கா மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தார். மோட்டார் உறுமியது, குழாய் முதலில் சேற்றைத் துப்பியது, பிறகு தண்ணீரைக் கொட்டியது. எல்லோரும் குழாயைப் பார்க்க, அக்கா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டார்ச்சோடு நின்ற அந்த அம்மா குனிந்து மோட்டாரை முகர்ந்தார்.

"என்னங்க இது, பன் வாசம் அடிக்குது?"

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. பதினெட்டாம் நிமிடம் எடுத்தார். உள்ளங்கையில் இளஞ்சூடு மட்டுமே இருந்தது. வரப்போரம் உட்கார்ந்து, காலையிலிருந்து தொடாத சாப்பாட்டைக் கேட்டார். வெங்காயக்காரர் மடியிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து நீட்டினார். அது வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை.