ஏணி வண்டிக்குக் கீழே யார்?

மரம் வெட்டுகிற வேலையில் மேலே ஏறுகிறவனுக்குத்தான் பயம் என்று ஊரே நினைக்கிறது. கீழே நின்று கைப்பிடி சுழற்றுகிறவனின் பயம் யாருக்கும் தெரிவதில்லை. இன்னொருவர் ஏறுவதற்காக என்றைக்காவது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால், நீங்களும் என் கூட்டம்தான்.

எங்கள் ஏணி வண்டி முதலில் டிராம் கம்பியைப் பழுதுபார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. டிராம் நின்ற பிறகு, மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டும் எங்களிடம் வந்தது. லாரிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போவோம். போன இடத்தில் நான்கு முட்டுக்கால்களை இறக்கி, மண்ணில் புதையாமலிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பலகை வைப்பேன். பிறகு நான் கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற, ஏணி நீண்டு, அதன் நுனியிலுள்ள கூண்டு உயரும். கூண்டில் நிற்பவன் ராயபுரத்து அந்தோணி. ஒவ்வொரு தடவையும் ஏறுமுன் "கீய யாரு?" என்று கேட்பான். "கன்னியப்பன்" என்று நான் சொன்ன பிறகுதான் கூண்டு நகரும்.

முருங்கைக்காய்

கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையோரம் ஒரு முருங்கைமரம் கம்பிமேல் சாய்ந்திருந்தது. வீட்டுக்கார அம்மா மரத்தைத் தொடவே விடவில்லை. முருங்கை சட்டென்று முறியும், ஆள் ஏறிக் கழிக்க முடியாது, அதற்காகத்தான் இந்த வண்டி என்று எங்கள் மேஸ்திரி பொறுமையாகச் சொன்னார். அந்த அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு முறத்தோடு திரும்பி வந்து, அந்தோணியை நகரச் சொல்லிவிட்டுக் கூண்டுக்குள் கால் வைத்தார்.

"கெள உன்னுது, காய் என்னுது. நானே பறிச்சிக்கிறேன். நீ சுத்து நைனா."

திருவிழாவுக்கு முதல் நாள்

ராயபுரத்தில் மாதா தேர் போகும் தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் தாழ்ந்து தொங்கியது. அந்தோணியின் சொந்தத் தெரு. தலையை வாரிக்கொண்டுதான் கூண்டில் நின்றான். இரண்டு பக்க மாடியிலும் அவன் உறவுக்காரர்கள். அவனுக்கு இருந்த பெருமையில் அன்றைக்கு "கீய யாரு?" கோயில் மணிபோல ஒலித்தது. கடலுக்குப் போய்த் திரும்பிய அவன் சித்தப்பா, வலையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று பார்த்தார்.

"மாதாவே ஆளுங்க தோள்லதான் வர்றாங்க. உனக்கு இன்னாடா தனியா ஒரு தேரு, அத்த சுத்தறதுக்கு ஒரு ஆளு?"

மூன்று பலகை

திருவொற்றியூரில், கடற்கரைக் குப்பத்தில், ஒரு பூவரச மரம். உச்சி வெயில். முட்டுக்காலுக்கு வைக்கும்போதுதான் பார்த்தேன், மூன்று பலகைகளே இருந்தன. நான்காவது பலகை, காலையில் வேலை செய்த தண்டையார்பேட்டையிலேயே தங்கிவிட்டது. மணலைக் காலால் மிதித்துப் பார்த்தேன். இறுகித்தான் இருந்தது. நான்காவது முட்டுக்காலை வெறும் மணலிலேயே ஊன்றினேன்.

பாதி உயரத்தில் அந்தக் கால் புதைந்தது. வண்டி சாய, அந்தோணி கிளைக்குத் தாவினான். கிளை முறிந்தது, அவன் இடது கையும் முறிந்தது. விசாரித்தவர்களிடம் பலகையை மறந்துவிட்டேன் என்றேன். மறக்கவில்லை. எண்ணித்தான் பார்த்தேன். மறதிக்கும் அலட்சியத்துக்கும் நடுவில் எத்தனை விரற்கடை என்று அன்றிலிருந்து அளந்துகொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி ஸ்டெல்லா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணே, இனிமே கீய யாருன்னு அவரு கேக்க வேணாம். வூட்லேந்து கெளம்பும்போதே நான் கேட்டுக்கறேன்."

எண்ணூர் வேம்பு

மேஸ்திரியிடம் கெஞ்சி, வெட்டிய கிளைகளை வாரும் வேலைக்கு மாறிக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து அந்தோணி திரும்பினான். எண்ணூரில் புயலில் ஒரு வேப்பமரம் கம்பிமேல் விழுந்து, மூன்று நாளாகக் குப்பத்துக்கு விளக்கு இல்லை. கூண்டில் நின்று வழக்கம்போல் கேட்டான். கைப்பிடியருகே இருந்தவர் தன் பேரைச் சொன்னார். அந்தோணி இறங்கிவிட்டான். வீட்டில் ஸ்டெல்லா கேட்டதற்குக் கன்னியப்பன் பேரைச் சொல்லிவிட்டு வந்திருப்பதாகவும், வேறு ஆள் சுற்றினால் ஏற முடியாது என்றும் மேஸ்திரியிடம் சொன்னான்.

என்னைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்தார்கள். நான்கு பலகைகளையும் வைத்தேன். எழுந்து, கைப்பிடியைத் தொடாமல், அன்றைக்கு நான் மறக்கவில்லை, தெரிந்தேதான் விட்டேன் என்று அவனிடம் சொன்னேன். குப்பத்துச் சனம் முழுக்கச் சுற்றி நின்றது. அவன் கூண்டில் ஏறி, சங்கிலியை மாட்டி, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டான். பிறகுதான் பேசினான்.

"மூணு பலகதான் கீதுன்னு நானும் பாத்தேன் மாமு. வெயிலுக்கு பயந்துகினு நானும் வாயத் தொறக்கல. இப்ப சொல்லு, கீய யாரு?"

சொன்னேன். அதற்குப் பிறகு, என் மனைவி பரணிலிருந்து பானை எடுக்க முக்காலியில் ஏறினால்கூட, நான்கு கால்களையும் குனிந்து பார்த்துவிட்டு, அவள் கேட்காமலே என் பேரைச் சொல்கிறேன்.