வலப்பக்கத்துக் கட்டி

என்னோடு கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்களே, நான் முருகனோடு சண்டை போட்டவள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஜெர்மன் யுத்தம் முடிந்த மறுவருஷம், சித்திரையில், ஐந்து வயது மகள் செல்லம்மாவுக்கு எண்ணெய் தேய்த்தேன். வயிற்றில் வலப்பக்கம் கல்லுப்போல ஒன்று தட்டுப்பட்டது. தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரர் காய்ச்சல் கட்டி என்றார், குளிர்காய்ச்சலில் மண்ணீரல் வீங்குவதாம். கூலிக் குடும்பங்கள் வரிசையாய்க் குடியிருக்கும் எங்கள் லயத்தில் வயிறு வீங்கிய பிள்ளைக்கெல்லாம் அதே பேர், அதே கொயினா மருந்து. மூன்று மாதம் குடித்துக் குடித்து வாந்தி எடுத்தாள். கட்டி வளர்ந்தது, பிள்ளை உருகினாள். எனக்கு உயிரே இல்லை.

மொனராகலைப் பக்கம் இருந்த சின்ன வயதில் எனக்கும் காய்ச்சல் கட்டி இருந்தது. அது இடப்பக்கம், மூச்சு இழுத்தால் இறங்கும். இது வலப்பக்கம், அசையவே இல்லை. சொன்னதற்கு, கொழுந்து பறிக்கிறவளுக்கு வைத்தியம் தெரியுமோ என்று மருந்துக்காரர் விரட்டினார். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதித் துண்டு கேட்டேன், கங்காணி மறுத்தார். துண்டில்லாமல் தோட்டம் தாண்டினால் பிடித்துப் போடுவார்கள். கதிர்காமத்துக்கு நேர்ந்துகொள் என்றது லயம். என் புருஷனும் தலையாட்டினார். அவருக்குச் சாமியைவிடக் கங்காணியிடம்தான் பயம்.

எனக்குக் கோபம் பொங்கியது. முருகன் படத்துக்கு முன் நின்றேன்.

"இந்த வருஷம் நான் கதிர்காமத்துக்கு வரமாட்டேன். பதுளைக்குப் போறேன். நீ சாமியா இருந்தா அங்க வா. யாராவது ஒருத்தர் எம்புள்ள வயித்துல ஒழுங்கா கை வைக்கணும்."

விடிந்ததும் அவளை முதுகில் கட்டிக்கொண்டு துண்டில்லாமலே நடந்தேன். ஆஸ்பத்திரி டாக்டர் கையைத் தேய்த்துச் சூடாக்கி வயிற்றில் வைத்தார். மூச்சை இழுக்கச் சொன்னார். மறுபடியும் இழுக்கச் சொன்னார்.

"இது காய்ச்சல் கட்டி இல்லம்மா. யாருமே பாக்கலையா?"

"நான் பாத்தேங்க."

அறுத்து எடுத்தார்கள். குண்டிக்காய்க்கு, அதாவது சிறுநீரகத்துக்கு, மேல் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். அதை ஒட்டி நரம்பின் உறையில் முளைத்த கட்டி. கொழும்பில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் நிச்சயமானது. பிள்ளைகளுக்கு இப்படி வருவதைப் புத்தகத்தில் மட்டும் படித்ததாக டாக்டர் சொன்னார். கை வைத்தவர் அவர். அந்தக் கையை அங்கே வைத்தவன் யாரென்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்ததும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கங்காணி என் பேரைக் கூப்பிடவில்லை. ஒரு மாதம் வேலை இல்லை. இருக்கட்டும். செல்லம்மா இதோ எனக்கு முன்னால் நடந்து போகிறாள். இப்போது லயத்தில் எந்தப் பிள்ளைக்கு வயிறு வீங்கினாலும் தாயோடு நானும் போய் நிற்கிறேன்.

நீங்களும் முருகனை நம்புங்கள். கெஞ்ச வேண்டாம், உரிமையோடு கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படுங்கள். யார் மறுத்தாலும் போங்கள்.