கிணற்றோடு போன சேலை

எண்பதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டை டவுனிலிருந்து எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். பருத்திக் காட்டு நடுவில் எங்கள் கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. குழாயடியில் குடம் பிடித்து வளர்ந்த எனக்கு அதை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். ஆனாலும் மோட்டார் போடத் தினமும் போயாக வேண்டும்.

என் நாத்தனாருக்கு என் வயதுதான், ஆனால் வாய் ஊருக்கே பெரிசு. நீச்சல் கற்றுத் தருகிறேன் என்றாள். நானும் பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"சேலையைக் கட்டிட்டு வாங்க மதினி. தவறி விழுறவுக துணி மாத்திக்கிட்டா விழுவாக?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, கிணற்றுப் படியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் தள்ளிவிடுவாள். ஐயோ, அந்த ஒரு மாதம்! நனைந்த சேலை காலைப் பின்னிக் கீழே இழுக்கும். கத்தாதே, கொசுவத்தை உருவி விடு, மோட்டார் பைப்பைப் பிடி. இதுதான் அவள் பாடம். கத்தாமல் இருக்கப் பழகிவிட்டேன். சேலையை விடத்தான் மனசு வரவில்லை. பக்கத்துக் காட்டில் ஆட்கள் களை எடுக்கிறார்களே! ஒவ்வொரு தடவையும் சேலையைப் பிடித்துக்கொண்டு வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். அவள் கயிற்றை இழுத்துப் படியில் போட்டாள்.

"மானம் எங்கயும் போயிராது. முதல்ல உசுரைக் கொண்டாங்க!" என்று கத்திவிட்டு மறுபடியும் தள்ளினாள். ஆத்திரத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வீம்புக்கென்றே உருவி விட்டேன். அதன்பிறகு தினமும் உருவ வைத்தாள், ராட்சசி.

அடுத்த ஐப்பசிக்குள் அவள் கல்யாணமாகிக் காரியாபட்டி போய்விட்டாள். அடைமழை விட்ட ஒரு காலையில், மோட்டார் ரூம் ஒழுகுகிறதா என்று பார்க்கத் தனியாகப் போனேன். கரை மண் பொதுக்கென்று சரிந்தது, அதோடு நானும் உள்ளே விழுந்தேன். கிணறு நிறையத் தண்ணீர். கயிறும் இல்லை, அவளும் இல்லை.

பயப்படவில்லை என்றால் பொய். ஆனால் பயம் வருவதற்குள் கை இடுப்புக்குப் போய்விட்டது. கொசுவம் உருவிக்கொண்டு போனதும் கால் லேசானது. எம்பி வந்து பைப்பைக் கட்டிக்கொண்டேன். மூச்சு நிதானப்பட்டதும் கையை வீசிப் படியைப் பிடித்தேன்.

தேடி வந்த மாமியார், மோட்டார் ரூமில் உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அலறினார். "சேலை கிணத்தோட போச்சு அத்தை" என்றேன். "போகட்டும் தாயி, போகட்டும்" என்று கட்டிக்கொண்டு அழுதார். எனக்கோ சிரிப்பு சிரிப்பாக வந்தது. அப்பாடா, பிழைத்துவிட்டேன்!

சேதி கேட்டு மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய நாத்தனார், வாசலிலேயே நின்று, "கத்துனீகளா மதினி?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அந்த வாயாடி அன்றைக்கு என் தோளில் சாய்ந்து அழுதாள்.

இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிற நேரம் வந்தால் என் கை தானாகக் கொசுவத்துக்குத்தான் போகிறது. தொட்டதும் மூச்சு நிதானத்துக்கு வந்துவிடுகிறது.