மந்திரித்த கம்ப்யூட்டர்

புதுப் படகு கடலில் இறங்குமுன் எங்கள் புன்னைக்காயலில் பங்குச் சாமியாரை அழைத்து மந்திரிப்பது வழக்கம். படகுக்கு உண்டென்றால் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் கூடாது என்று அம்மா கேட்டாள். அப்படித்தான் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, மெழுகுதிரி ஏற்றி, ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்தார்கள். அண்ணன் மட்டும் ஒரு துண்டை எடுத்து அதன் தலையை மூடினான். சாமியார் சிரித்துக்கொண்டே துண்டின் மேல் தெளித்துவிட்டுக் காப்பி குடித்துப் போனார்.

அது கடையில் முழுதாக வாங்கியதல்ல. தூத்துக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்த அண்ணன், ஒரு மாதம் போர்டு, அடுத்த மாதம் ராம் என்று துண்டு துண்டாகச் சேர்த்துத் தானே கட்டியது. இனி வீட்டிலிருந்தே சொந்தத் தொழில் என்பது அவன் கனவு. அப்பாவுக்கு அதெல்லாம் விளையாட்டு. அவர் கப்பலில் வேலை பார்த்துவந்தார். ஆம்பளைக்குக் கப்பல்தான் வேலை என்பார். அந்த லீவில் வந்தவர் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தே சொல்லிவிட்டார்.

"ஏலே, அத்தை மவ கல்யாண வீடியோவ நான் திரும்பிப் போறதுக்குள்ள முடிச்சிக் காட்டு. முடிச்சிட்டேன்னா உன் போக்குல விட்டுருதேன். இல்லேன்னா கப்பலுக்குப் பேரு குடு. பேச்சு கெடையாது."

அம்மா அன்று தன் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டாள். புருஷனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, டிவியில் புயல் என்றாலே ஜெபமாலையோடு உட்காருகிறவள். மகனாவது கண்முன்னால் இருக்கட்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கூத்து தொடங்கியது. மாப்பிள்ளை தாலி எடுக்கும்போது திரை இருண்டுவிடும். தானாக எழும். மறுபடி தாலிக்கு வரும்போது நீலத் திரை காட்டி, இங்கிலீஷில் என்னவோ திட்டிவிட்டு அணையும். அந்தத் தாலி ஏறவே ஏறாதோ என்று அத்தை மூக்கைச் சிந்தினாள்.

அண்ணன் விண்டோஸை அழித்து மறுபடி போட்டான். ராமை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினான். கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றினான். கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே ஏசி அறையில் நாள் முழுக்க நல்ல பிள்ளையாக ஓடியது. வீட்டுக்கு வந்ததும் பழைய குணம். அப்படியென்றால் வீட்டுக் கரண்டில்தான் கோளாறு என்று வயர்மேனைக் கூப்பிட்டான். அவர் எர்த் பார்த்துவிட்டு, "லைன்ல ஒரு கொறையும் இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டார். அண்ணன் இளைத்துப்போனான்.

அது கெடக்கெட அம்மாவின் பக்தி ஏறியது. சாயங்கால ஜெபம் முடிந்ததும் நிலைப்படி, எங்கள் தலை, அப்பாவின் பெட்டி என்று தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்து, கம்ப்யூட்டருக்கு மட்டும் தாராளமாக ஒரு கை தெளிப்பாள். ஜெப நேரத்தில் அண்ணன் வீட்டில் தங்கியதே இல்லை, கடற்கரைக்குப் போய்விடுவான். அதனால் அவனுக்கு இது தெரியாது.

கடைசியில் அத்தை வீட்டார் படம் பார்க்க வந்து, பாதியில் திரை இருண்டதும் போளியைத் தின்றுவிட்டு எழுந்து போனார்கள். மறுநாள் காலையில் அப்பா கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுக்குப் போன் போட்டார்.

அன்று மத்தியானம் அண்ணன் எல்லாவற்றையும் கழற்றி, போர்டை வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தான். அப்போது சின்னப் பெண்ணாயிருந்த நானும் பக்கத்தில் குந்தினேன். ராம் மாட்டும் இடத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழுந்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்பு" என்றான். "பெட்டிக்கு மேல சல்லடை வழியா எறங்கியிருக்கு. கடை ஏசில காஞ்சு ஓடிருக்கு, இங்க ஈரக் காத்துல நின்னுருக்கு. இங்கன எப்படிளா உப்புத் தண்ணி வந்துச்சு?"

"அம்மா தெனமும் தீர்த்தம் தெளிக்காவல்லா. சாமியார் அதுல உப்புப் போட்டுத்தான மந்திரிப்பாரு" என்றேன். எனக்கு ஒரே பெருமை, யாருக்கும் தெரியாததைச் சொல்லிவிட்டேனே என்று.

அவன் என்னையே பார்த்தான். பிறகு போர்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

குசினியிலிருந்து கரண்டியும் கையுமாக அம்மா வந்தாள். "ஏலே, கண்டுபிடிச்சிட்டியா? என்ன கோளாறு?"

அண்ணன் சட்டென்று துண்டை எடுத்துப் போர்டின் மேல் போட்டான். "ஒண்ணுமில்லம்மா. எனக்குத்தான் ஒழுங்காக் கட்டத் தெரியல."

அப்பாவிடமும் அதையேதான் சொன்னான். அப்பா கோபக்காரரே தவிர நியாயம் தெரிந்தவர். காரணத்தைச் சொல்லியிருந்தால், வேறு போர்டு போட்டுப் பார் என்று விட்டிருப்பார். அண்ணனோ கப்பலுக்குப் போகும் சட்டைக்கு அளவு கொடுத்தான். என்னிடம் மட்டும், "உப்பு கதைய அம்மாட்ட சொல்லிராத, என்னளா" என்று கன்னத்தைப் பிடித்துச் சொன்னான்.

இன்றைக்கும் லீவு முடிந்து அவன் கிளம்பிய மறுநாள் அம்மா என்னிடம் புலம்புவாள். "அந்தப் பெட்டி மட்டும் ஓடியிருந்தா எம்புள்ள எங்கூட இருந்திருப்பான். நான் இன்னும் நல்லா மந்திரிச்சிருக்கணும் ஏளா." அண்ணன் சொன்னபடி உப்புக் கதையை நான் இன்னும் அவளிடம் சொன்னதில்லை.

முதல்முறை அவன் கப்பலுக்குக் கிளம்பிய அன்றைக்கு வழியனுப்பத் தெருவே வந்தது. நான் உள்ளறையை விட்டு வரவில்லை. அவன் ஜன்னலில் நின்று கூப்பிட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோளாறு தெரிந்தும் தெரியாது என்றானே, எங்களை விட்டுக் கப்பலுக்குப் போக அவனுக்கு அவ்வளவு ஆசை என்றுதான் அப்போது நான் நினைத்திருந்தேன்.