நாடி பார்த்த சனிக்கிழமை

குளவி வந்தால் ஓடக்கூடாது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். இருந்த இடத்திலேயே குப்புறப் படுத்து, தலைக்கு மேல் படங்கை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றியிருக்கும் அந்தத் தடித்த துணிதான் அந்த நேரத்தில் உயிர் காக்கும். நானும் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள்தான். ஆனால் இப்போது டீச்சர். இடுப்பில் படங்கு இல்லை, உடம்பிலோ புதுச் சேலை. ஈர மண்ணில் விழ மனம் வராமல் ஓடினேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறு இல்லை.

ராகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அன்று பள்ளி விட்டு, தேயிலை மலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெரிய மரத்தில் இருந்த குளவிக் கூட்டை ஒரு பருந்து கலைத்துவிட்டது. மேல் மலையில் கொழுந்து பறித்த பெண்கள், "டீச்சர், படுங்க! படுங்க!" என்று கத்தினார்கள். நான் ஓட, குளவிகள் துரத்தித் துரத்திக் கொட்ட, பாதையோரம் நின்ற கொழுந்து லொறியில் இருந்து ஒருவர் குதித்து வந்து என்னைத் தரையில் தள்ளினார். லொறிப் படங்கை இழுத்து இருவர் மேலும் போட்டார். அந்த இருட்டுக்குள் வெளியே இரைகிற சத்தமும் அவருடைய மூச்சும் மட்டும்தான் எனக்குக் கேட்டன.

அவர்தான் லொறி டிரைவர். கொழுந்து மூட்டைகளுக்கு மேல் என்னைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது. தொடையில் அதிரனலின் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் மூச்சு திரும்பியது, ஆனால் இதயம் நெஞ்சை உடைத்துக்கொண்டு வருவதுபோல் அடித்தது. கட்டிலருகே இரண்டு காதும் வீங்கிப்போய் அவர் நின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான், போச்சு.

போச்சு என்று சொன்னாலும் நான் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பயந்தாலும் அதிரனலின் சுரக்கும், பிடித்தவரைக் கண்டாலும் அதேதான் சுரக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். கை வியர்க்கும், வாய் உலரும், நாடி துள்ளும். உடம்பு முதலில் துள்ளிவிடும், மூளை பிறகுதான் காரணம் தேடும். அவசரத்தில் பக்கத்தில் நிற்கிறவரைக் காரணமாக்கிவிடும். எனக்கு வந்தது காதலா, ஆஸ்பத்திரி ஊசியா? என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அதன்பிறகு காலையில் ஆட்டோவில் பள்ளிக்குப் போனேன். பள்ளி விட்டதும் அவர் பாதை முனையில் நிற்பார். லொறிக்குக் கொழுந்து ஏற்றி முடிப்பதற்குள் என்னை மலை தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவார். பெரிதாக எதுவும் பேசமாட்டார். அந்த மரத்தைக் கடக்கும்போது எனக்குப் பயமே வரவில்லை. சரி, மனக்காயமும் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் அம்மா வலப்பனையில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டார். வங்கி வேலை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். தனி ஆளாகக் கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தவர் அம்மா. டிரைவர் விஷயம் காதில் விழுந்ததும், "ஒன்ன டீச்சராக்குனது லொறியில ஏத்தி அனுப்பவா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

டிரைவர் போனில் கேட்டார். "ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி நான் வீட்டுல வந்து பேசட்டுங்களா டீச்சர்? ஆமான்னாலும் சரி, இல்லன்னாலும் சரி, சொல்லிருங்க."

சனிக்கிழமை ராகலை டவுனுக்கு வரச் சொன்னேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடை. அங்கே குளவி இல்லை, ஊசி இல்லை, ரோல்ஸ் மட்டும்தான் இருந்தது. பரிசோதனைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எதிரில் அவர் வந்து உட்கார்ந்ததும், மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். துள்ளு, துள்ளு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அதுவோ வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் நிதானமாக அடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பயத்துல வந்ததுங்க இது. எனக்கு இப்ப ஒண்ணுமே தோணல. வீட்டுக்கு வர வேணாம்," என்றேன்.

அவர் பிளேன்டீ கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "சரிங்க டீச்சர்," என்றார். எனக்குக் கோபமாக வந்தது. ஒரு சண்டையாவது போட்டிருக்கலாமே இந்த மனுஷன்!

பஸ் ஏறித் தோட்டத்துப் பாதை முனையில் இறங்கினேன். குளவி கொட்டிய பிறகு அந்தப் பாதையில் தனியாக நிற்பது அதுதான் முதல் தடவை. உள்ளே கொஞ்ச தூரம்கூடப் போயிருக்கமாட்டேன், எங்கோ இரைச்சல் கேட்டது. மேல் மலையில் யாரோ மெஷினால் புல் வெட்டுகிறார்கள், அவ்வளவுதான். அது மூளைக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. கால் நகர மறுத்தது. வாய் உலர்ந்தது. ஆஸ்பத்திரியில் அடித்த அதே அடி நெஞ்சுக்குள் அடித்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

அங்கே நின்றுகொண்டுதான் புரிந்தது. காயம் ஒன்றும் ஆறவில்லை. பயம் இத்தனை நாளும் எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவரோடு நடந்தபோது மட்டும் அடங்கிக் கிடந்திருக்கிறது. தாயின் மடியில் குழந்தைக்கு நாடி அடங்கும் என்பதையும் நான்தான் படிப்பிக்கிறேன். பரிசோதனை சரி, தப்பான விடையைத் தேடியிருக்கிறேன்.

போன் எடுத்தேன். "எங்க இருக்கீங்க?"

"இன்னும் கடையிலதாங்க இருக்கேன்."

"பாதை முனைக்கு வாங்க. என்னால நடக்க முடியல."

யாரிடமோ மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்கவில்லை. அதை ஓரமாக நிறுத்திவிட்டு என் பக்கத்தில் நடந்தார். மரத்தைத் தாண்டினோம். மேலே மெஷின் இரைந்துகொண்டுதான் இருந்தது.

அம்மா லயத்து வாசலில் நாளைய பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சல்லடை நின்றது.

"அம்மா, நாளைக்கு அவங்கள வர வேணாம்னு சொல்லிருங்க. இவரு பேச வந்திருக்காரு."

அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"தோட்டமே பாக்குது. ஒனக்குக் கொஞ்சமும் பயமா இல்லையாடி?"

மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன்.

"இல்லம்மா," என்றேன்.